முதல் வருட ஆங்கிலக் கட்டுரை வகுப்பு: ஹைப்ரிட், கூடுதல் உதவி நேரத்தோடு. எடுக்கலாமா?

கேள்வி | ஆகஸ்ட் 2, 2025

கலிஃபோர்னியாவில் எச்-4 விசாவில் (எச்-1பி-யில் வேலை செய்பவரின் மனைவி என்ற முறையில்) இருக்கிறேன். ஊரில் பன்னிரண்டாவது வரை தமிழ் வழி, அப்புறம் பி.காம். இங்கே கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருடக் கல்லூரி) அக்கவுண்டிங் சேர்கிறேன். முதல் வருட இங்கிலீஷை சப்போர்ட் (கூடுதல் உதவி நேரம்) உள்ள வகுப்பாக எடுக்கச் சொல்கிறார் கவுன்சிலர். வாரத்தில் ஒரு நாள் நேரில், மீதி ஆன்லைன். வீட்டுக்காரரோ, "டிகிரி முடித்தவளுக்கு சப்போர்ட் எதற்கு, முழு ஆன்லைனில் சாதாரண வகுப்பை எடுத்து முடி" என்கிறார். எடுத்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பதில் | ஆகஸ்ட் 2, இரவு

சப்போர்ட் உள்ளதையே எடுங்கள். நானும் தமிழ் வழி, அப்புறம் பி.எஸ்சி. முடித்தவள். இங்கே நர்சிங்கில் சேர இந்த ஆங்கிலப் பாடம் முன்தேவை. இந்தியாவில் படித்த ஆங்கிலத் தாள்களை அதற்கு ஈடாக எடுத்துக்கொள்ளவில்லை. அதனால் இதே வகுப்பை, இதே ஹைப்ரிட் வடிவில் எடுத்து முடித்தேன்.

முதலில் ஒன்று தெளிவாக வேண்டும். இது தரம் குறைந்த வகுப்பு இல்லை. பாடம் அதேதான், கட்டுரைகளும் அதேதான், மதிப்பெண்ணும் அப்படியே. நாலு வருடப் பல்கலைக்கழகத்துக்கு மாறும்போதும் சாதாரண வகுப்பைப் போலவே ஏற்றுக்கொள்வார்கள். அதன்மேல் வாரத்தில் கொஞ்ச நேரம் அதிகம், அவ்வளவுதான். சில கல்லூரிகள் அந்த நேரத்துக்குத் தனிப் பாட எண் கொடுத்திருக்கின்றன. சிலவற்றில் இரண்டும் ஒரே பாடம். இந்த செமஸ்டரிலிருந்து மாநிலம் முழுக்கப் பொது எண் வந்திருக்கிறது: சாதாரண வகுப்பு ஆங்கிலம் சி1000, உதவி சேர்ந்தது சி1000ஈ (C1000E). அட்டவணையில் கடைசி எழுத்தைக் கவனியுங்கள்.

முன்பு இப்படி இல்லை. நுழைவில் ஒரு தேர்வு வைப்பார்கள். அதில் குறைந்தால் ஒரு படி, இரண்டு படி, மூன்று படி கீழே உள்ள வகுப்புகளில் போடுவார்கள். அவற்றில் எடுக்கும் யூனிட் (பாடத்தின் அளவைக் குறிக்கும் கணக்கு) எதுவும் பல்கலைக்கழகத்துக்குச் செல்லாது. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் பேர் நின்றுவிடுவார்கள். 2017-ல் ஏபி 705 சட்டம் வந்து, 2019 இலையுதிர் செமஸ்டருக்குள் எல்லாரையும் நேராக முதல் வருடப் பாடத்தில் சேர்க்க வழி செய்தது. தேவைப்படுகிறவர்களுக்குப் பக்கத்திலேயே உதவி. உங்கள் வீட்டுக்காரர் நினைப்பது அந்தப் பழைய வகுப்பை.

ஆகஸ்ட் 3

காசு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கலிஃபோர்னியாவாசி என்று கணக்கில் வந்தால் யூனிட்டுக்கு 46 டாலர். சப்போர்ட் ஒன்றோ இரண்டோ யூனிட் கூடும், அதற்கும் அதே கணக்கு. எச்-4-ல் இருப்பவர்கள் மாநிலத்தில் ஒரு வருடத்துக்கு மேல் வசித்து, இங்கேயே இருக்கும் எண்ணத்துக்குச் சான்று காட்டினால் இந்தக் கட்டணத்துக்குள் வரலாம். வாடகை ஒப்பந்தம், மாநில வரித் தாக்கல், ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். அதற்குள் வராவிட்டால் யூனிட் விலை பல மடங்கு.

புத்தகச் செலவு இல்லாத வகுப்புகளுக்கு அட்டவணையிலேயே தனி அடையாளம் இருக்கும். அதைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஆங்கிலத்தில் அப்படிப்பட்ட பிரிவுகள் நிறையவே கிடைக்கும்.

காசைவிட நேரத்தைக் கணக்குப் பாருங்கள். மூன்று யூனிட் பாடம் என்றால் வாரத்துக்கு மூன்று மணி வகுப்பு, ஆறு மணி வீட்டு வேலை என்பதுதான் அடிப்படை. ஹைப்ரிட் என்பதால் இந்த ஒன்பது மணி குறையாது. வகுப்பறையில் உட்காரும் நேரம் குறைகிறது, அந்த நேரம் உங்கள் வீட்டு மேசைக்கு வருகிறது. "வாரம் ஒரு நாள்தானே" என்று இன்னும் மூன்று பாடங்களைச் சேர்த்து எடுக்காதீர்கள்.

ஆகஸ்ட் 3, சற்று நேரம் கழித்து

எஃப்-1 (மாணவர் விசா) வைத்திருப்பவர் ஆன்லைன் வகுப்பு எடுக்கலாமா என்று மேலே ஒருவர் கேட்டதற்கு: உங்கள் விதி வேறு. முழு நேரப் படிப்புக் கணக்கில் ஒரு செமஸ்டருக்கு ஒரே ஒரு ஆன்லைன் பாடம், அதாவது மூன்று யூனிட் வரைதான் சேரும். நேரில் வந்தே ஆக வேண்டும் என்று இருக்கும் ஹைப்ரிட் வகுப்பு அந்த ஆன்லைன் கணக்கில் வராது. உங்களுக்கு ஹைப்ரிட்டே நல்லது. பதிவு செய்யும் முன் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆகஸ்ட் 9

எந்தப் பிரிவை எடுப்பது என்று கேள்வி வந்திருக்கிறது. நான் பார்க்கச் சொல்வது இரண்டு விஷயம்.

ஒன்று, முக்கிய வகுப்பையும் உதவி நேரத்தையும் ஒரே ஆசிரியர் நடத்துகிறாரா என்பது. என் பிரிவில் ஒருவரே நடத்தினார். திங்கட்கிழமை வகுப்பில் எனக்குப் புரியாத இடம் எது என்று அவருக்கே தெரியும், உதவி நேரத்தில் அங்கிருந்தே தொடங்குவார். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு இரண்டு பேர். உதவி நேர ஆசிரியருக்குக் கட்டுரைக் கேள்வியே கைக்கு வந்து சேரவில்லை. பாவம், அவர் பொது இலக்கணம் நடத்திவிட்டுப் போய்விட்டார்.

இரண்டு, நேரில் வரும் நாள் எது என்பது. என் வகுப்பு திங்கள். ஆன்லைன் வேலைகளுக்குப் புதன் இரவு 11.59-க்கு ஒரு கெடு, ஞாயிறு இரவு 11.59-க்கு இன்னொன்று. செவ்வாயிலிருந்து ஞாயிறு வரை யாரும் உங்களைப் பார்க்க மாட்டார்கள். கேன்வாஸ் என்ற ஆன்லைன் வகுப்புத் தளத்தின் திரையில் வேலைப் பட்டியல் மட்டும் இருக்கும். எங்கள் வகுப்பில் காணாமல் போனவர்கள் எழுதத் தெரியாதவர்கள் இல்லை. நன்றாக எழுதுகிறவர்கள்தான், அந்த ஆறு நாளில் தொலைந்தார்கள். உதவி நேரம் வியாழனில் இருந்ததால் நான் தப்பினேன். வாரத்தின் நடுவில் யாரோ ஒருவர் "டிராஃப்ட் எங்கே?" என்று கேட்பதற்கு அவ்வளவு பலம் இருக்கிறது. உங்கள் பிரிவில் இரண்டும் ஒரே நாளில் அடுத்தடுத்து இருந்தால், வேறு பிரிவு கிடைக்கிறதா என்று பாருங்கள்.

ஆகஸ்ட் 10

"ஈஎஸ்எல் (ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களுக்கான ஆங்கில வகுப்பு) பாதை நல்லதா, இது நல்லதா?" அமெரிக்கர்கள் சாதாரணமாகப் பேசுவது பாதிதான் புரிகிறது என்றால் ஈஎஸ்எல்லில் தொடங்குங்கள். அது தாழ்வில்லை, பேச்சுக்கும் எழுத்துக்கும் அங்கே தனித்தனியாக நேரம் கிடைக்கும். கேட்டால் புரிகிறது, படித்தால் புரிகிறது, எழுதத்தான் கை நடுங்குகிறது என்றால் இந்த வகுப்பு. இங்கே பள்ளியில் படித்தவர்களை அவர்களுடைய ஜிபிஏ (4-க்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்) பார்த்துப் பிரிப்பார்கள். 2.6-க்கு மேல் இருந்தால் உதவி இல்லாமலே, அதற்குக் கீழே போகப் போக உதவியோடு. நமக்கு அந்தச் சான்று இல்லாததால், ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து நம்மையே முடிவு செய்யச் சொல்வார்கள். அதில் வீட்டுக்காரர் பதில் சொல்ல வேண்டாம். நீங்களே உட்கார்ந்து பதில் எழுதுங்கள்.

ஆகஸ்ட் 24

"அந்த உதவி நேரத்தில் என்னதான் நடக்கும்?" இதை விரிவாகவே எழுதுகிறேன். நம்மவர்கள் தயங்குவது இந்த இடத்தில்தான்.

சிறிய குழு. முக்கிய வகுப்பில் உள்ளவர்களில் ஒரு பகுதியினர் மட்டும். விரிவுரை கிடையாது. முதல் வாரம் படிக்க வேண்டிய கட்டுரையை எடுத்துவைத்து, ஓரத்தில் குறிப்பு எழுதுவது எப்படி என்று சேர்ந்து செய்தோம். எனக்குப் பேனாவால் அடிக்கோடு போடத்தான் தெரியும். இங்கே ஒவ்வொரு பத்திக்குப் பக்கத்திலும் "இவர் இங்கே என்ன செய்கிறார்" என்று எழுத வேண்டும். என்ன சொல்கிறார் என்பது இல்லை, என்ன செய்கிறார். உதாரணம் தருகிறாரா, எதிராளியின் பேச்சைக் கொண்டுவருகிறாரா, விட்டுக்கொடுக்கிறாரா, திரும்பி அடிக்கிறாரா. இது பிடிபட எனக்கு நாளாயிற்று. பிடிபட்ட பிறகு நான் தினமும் படிக்கும் செய்தித்தாள்கூட வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது.

அப்புறம், எழுதியதைச் சத்தமாகப் படிப்பது. என் கட்டுரையை நானே எல்லார் முன்னும் படித்தேன். கண்ணுக்குத் தெரியாத பிழை காதுக்குத் தெரிகிறது. "ஏ", "த" என்ற அந்தச் சின்னச் சொற்கள் விடுபட்ட இடங்களில் நாக்கு தானாகவே அவற்றைச் சேர்த்துப் படித்தது. ஆசிரியர் சிரித்துக்கொண்டே, "வாயில் இருக்கிறது, தாளில் மட்டும் இல்லை" என்றார். ஒவ்வொருவரும் தங்கள் பிழைகளை ஒரு நோட்டில் வகை பிரித்து வைத்தோம். என்னுடையவை முக்கால்வாசி மூன்றே வகை: அந்தச் சின்னச் சொற்கள், காலம் மாறுவது, ஒரு வாக்கியத்தைக் காற்புள்ளி போட்டு அடுத்த வாக்கியத்தோடு ஒட்டிவிடுவது. இங்கிலீஷே வராது என்று நினைப்பதற்கும் மூன்று விஷயம் திருத்த வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்கும் எவ்வளவு வித்தியாசம்! எனக்கு நிம்மதியாக மூச்சு வந்தது அந்த வாரம்தான்.

பிழைகளுக்குள்ளும் ஒரு ஒழுங்கு உண்டு, அவை சோம்பலின் அடையாளம் இல்லை என்று 1970-களிலேயே வாதாடியவர் மினா ஷானெஸி. நியூயார்க் சிட்டி பல்கலைக்கழகம் 1970-ல் உயர்நிலைப் பள்ளி முடித்த நகரவாசிகள் எல்லாருக்கும் கதவைத் திறந்தபோது, வந்து சேர்ந்த மாணவர்களின் தாள்களை ஆயிரக்கணக்கில் படித்துப் பார்த்தவர். எங்கள் ஆசிரியர் அவர் பெயரை அடிக்கடி சொல்வார். அந்த நோட்டுப் பழக்கம் அந்த வழியில் வந்ததுதான்.

செப்டம்பர் 1

வகுப்பு தொடங்கியவர்களுக்கு அவசரமாக: கேன்வாஸுக்குள் நுழைந்து பார்ப்பது மட்டும் வருகை ஆகாது. ஏதாவது ஒரு வேலையைச் சமர்ப்பித்தால்தான் கணக்கு. சென்சஸ் தேதிக்குள் (கல்லூரி மாணவர் எண்ணிக்கையைக் கணக்கெடுக்கும் நாள்) வேலை எதுவும் காட்டாதவர்களை ஆசிரியர் நீக்கியே ஆக வேண்டும். அது செமஸ்டரின் ஐந்தில் ஒரு பங்கு முடிகிற சமயம், முழு நீள வகுப்பு என்றால் இந்த மாதத்துக்குள் வந்துவிடும்.

செப்டம்பர் 14

என்ன தலைப்பில் எழுதுவது என்று தவிக்கிறேன் என்று கேள்வி கேட்டவரே எழுதியிருக்கிறார். என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

பள்ளியில் நாம் எழுதிய கட்டுரை நினைவிருக்கிறதா? முன்னுரை, பொருளுரை, முடிவுரை, நடுவில் ஒரு குறள். தலைப்பு எதுவானாலும் எல்லாரும் ஏற்கும் நல்ல விஷயத்தை நல்லபடியாகச் சொல்லி முடிப்போம். "மரம் வளர்ப்போம்" என்றால் வளர்க்க வேண்டாம் என்று சொல்ல யார் இருக்கிறார்கள்? இங்கே, மறுப்பவர் யாரும் இல்லாத கருத்தை ஆசிரியர் கருத்தாகவே எடுத்துக்கொள்வதில்லை.

நான் எடுத்தது பள்ளிச் சாப்பாடு. கலிஃபோர்னியா 2022–23 கல்வியாண்டிலிருந்து அரசுப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் காலை உணவும் மதிய உணவும் இலவசமாகத் தருகிறது. முன்பெல்லாம் பொதுவாக வருமானப் படிவம் நிரப்பித் தகுதி காட்ட வேண்டியிருந்தது. என் மகளின் பள்ளியில் பார்த்துக்கொண்டிருந்த விஷயம். நமக்கோ இது புதிதே இல்லை. 1920-ல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கியது, காமராஜர் 1950-களில் மாநிலம் முழுக்கக் கொண்டுபோனது, எம்.ஜி.ஆர். 1982-ல் சத்துணவாக விரித்தது. உற்சாகமாக எழுதினேன்: எல்லாருக்கும் கொடுத்துவிட்டால் ஏழைப் பிள்ளைக்குக் கூச்சம் இருக்காது, தமிழ்நாடு அதைக் காட்டிவிட்டது என்று.

வியாழன் உதவி நேரத்தில் அதைப் படித்துக் காட்டினேன். ஆசிரியர் கேட்டது ஒரே கேள்வி: "உங்கள் பள்ளியில் எல்லாரும் சாப்பிட்டார்களா?"

சாப்பிடவில்லை. டிபன் பாக்ஸ் கொண்டுவந்தவர்கள் வேப்பமரத்தடியில் உட்காருவார்கள். தட்டு கொண்டுவந்தவர்கள் வரிசையில் நிற்பார்கள். யார் பையில் தட்டு இருக்கிறது என்று வகுப்புக்கே தெரியும், நடக்கும்போது சத்தம் கேட்கும். நான் தட்டு கொண்டுபோனவள். சாதம் கேட்டவருக்கெல்லாம் உண்டு, படிவம் கிடையாது. ஆனாலும் கூச்சம் இருந்தது.

ஆசிரியர், "அதை எழுதுங்கள்" என்றார். என் கட்டுரை அப்படியே திரும்பியது. எல்லாருக்கும் இலவசம் என்று சட்டம் போட்டால் மட்டும் போதாது, வசதியுள்ள பிள்ளையும் வந்து சாப்பிடும்படி அந்தச் சாப்பாடு இருக்க வேண்டும், அதனால் கலிஃபோர்னியா பணத்தைச் சமையலறைக்கும் சமைப்பவர்களுக்கும் செலவிட வேண்டும் என்று வாதம் நகர்ந்தது. இதற்கு மறுப்பு உண்டு. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு அரசு ஏன் செலவழிக்க வேண்டும் என்பது நியாயமான கேள்வி. அதற்கும் ஒரு பத்தியில் பதில் சொல்ல வேண்டியிருந்தது. வகுப்பில் பலர் அந்தக் கேள்வியின் பக்கம்தான் நின்றார்கள், அவர்களோடு பேசியதால்தான் அந்தப் பத்தி வலுவானது.

முழு ஆன்லைன் வகுப்பாக இருந்திருந்தால் முதல் டிராஃப்டுக்கே நல்ல மதிப்பெண் வந்திருக்கலாம். அந்தக் கேள்வி வந்திருக்காது.

செப்டம்பர் 15

தமிழ் நூலை, தமிழ் நாளிதழை ஆதாரமாகக் காட்டலாமா? காட்டலாம். எம்எல்ஏ (MLA) என்ற ஆதாரக் குறிப்பு முறையில் தமிழ்த் தலைப்பை ஆங்கில எழுத்தில் எழுதி, பக்கத்தில் சதுர அடைப்புக்குள் அதன் ஆங்கிலப் பொருளைப் போடுங்கள். மேற்கோளை நீங்களே மொழிபெயர்த்தால் அதையும் குறிப்பிடுங்கள். ஆய்விதழ்க் கட்டுரைகளுக்குக் கல்லூரி நூலகத்தின் தரவுத்தளங்கள் இருக்கின்றன, மாணவர் கணக்கில் நுழைந்தால் எல்லாம் இலவசம். நூலகரிடம் கேளுங்கள். சத்துணவு பற்றி இத்தனை பேர் ஆராய்ந்திருக்கிறார்கள் என்பதே எனக்கு ஒரு நூலகர் காட்டித்தான் தெரிந்தது.

அக்டோபர் 5

ஆன்லைன் விவாதப் பலகை வீண் வேலை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். புதன்கிழமை ஒரு பதிவு, ஞாயிற்றுக்கிழமைக்குள் இரண்டு பேருக்குப் பதில். "நல்ல கருத்து, நானும் ஒத்துக்கொள்கிறேன்" என்று எல்லாரும் எழுதுவார்கள் என்பது உண்மைதான்.

ஆனால் இப்போது திரும்பிப் பார்க்கும்போது எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது. நேரில் வாய் திறக்காத ஒரு பையன் அங்கேதான் பேசினான். பகலில் கிடங்கில் வேலை, இரவு ஒரு மணிக்கு எழுதுவான். நான் பள்ளிச் சாப்பாடு பற்றிப் போட்ட பதிவுக்கு, தன் அம்மா அந்த வருமானப் படிவத்தை நிரப்பப் பயந்தார் என்று எழுதினான். அரசிடம் வீட்டு விவரம் போய்விடுமே என்ற பயம். என் கட்டுரையில் அந்தக் கோணமே இல்லை. அவனிடம் அனுமதி கேட்டு, அதைத் தொட்டு ஒரு பத்தி சேர்த்தேன். ஆக, ஒப்புக்கொண்டு எழுதாமல் ஒரு கேள்வி கேட்டு எழுதிப் பாருங்கள். பதில் வரும்.

அக்டோபர் 19

ஏஐ பற்றிக் கேட்டீர்கள். உங்கள் ஆசிரியரின் பாடத்திட்டத் தாளில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் விதி, வகுப்புக்கு வகுப்பு மாறும். கூகுள் டாக்ஸிலேயே தொடக்கத்திலிருந்து எழுதுங்கள். ஒவ்வொரு மாற்றமும் அதில் பதிவாகும். என் வகுப்பில் ஒரு பெண்ணின் கட்டுரை மேல் சந்தேகம் வந்தபோது, அந்த வரலாற்றைத் திறந்து காட்டியே அவள் வெளியே வந்தாள். நன்றாக எழுதியதற்காகச் சந்தேகப்படுவது கொடுமை. அயல்மொழியில் பாடுபட்டு எழுதுகிறவர்களுக்கு அது இன்னும் வலிக்கும்.

நவம்பர் 8

கேள்வி கேட்டவரே, வகுப்பை விட்டுவிடலாமா என்று யோசிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, இரண்டு கட்டுரை பாக்கி.

இன்றே ஆசிரியருக்கு எழுதுங்கள். விளக்கம் நீளமாக வேண்டாம்: என்ன பாக்கி, எந்தத் தேதிக்குள் எதைத் தர முடியும், உதவி நேரத்தில் உட்கார்ந்து எழுதலாமா. இவ்வளவு போதும். இந்தப் பாடத்தில் கடைசிக் கட்டுரைகளுக்குத்தான் எடை அதிகமாக இருக்கும், மீள வழி உண்டு. முடியவே முடியாது என்றால், செமஸ்டரின் முக்கால் பங்கு முடிவதற்குள் விலகினால் "டபிள்யூ" (விலகியவர்) என்றுதான் பதிவாகும், தோல்வி என்று ஆகாது. ஆனால் அதுவும் ஒரு முயற்சியாகவே கணக்கில் வரும். ஒரே பாடத்தை மொத்தம் மூன்று தடவைதான் எடுக்க விடுவார்கள். தேதியைக் கல்லூரி நாட்காட்டியில் இப்போதே பாருங்கள், இந்த மாதத்திலேயே வந்துவிடும்.

எழுத்து வராததால் விடுகிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். போன மாதம் நீங்கள் இங்கே போட்ட பத்தியையும் ஆகஸ்டில் போட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். பெரிய தூரம் வந்துவிட்டீர்கள்.

நவம்பர் 23

கேள்வி கேட்டவர் பாக்கி இருந்த இரண்டு கட்டுரையும் கொடுத்துவிட்டார் என்று படித்தேன். ரொம்ப சந்தோஷம்.

மேலே ஒருவர், "இந்த முறையைக் கலிஃபோர்னியாதான் கண்டுபிடித்ததா" என்று கேட்கிறார். இல்லை. மேரிலாந்தில் பால்டிமோர் கவுண்டி கம்யூனிட்டி காலேஜில் பீட்டர் ஆடம்ஸ் என்ற ஆசிரியரும் சக ஆசிரியர்களும் 2007-ல் தொடங்கியது பரவலாகப் பேசப்படும் முன்மாதிரி. கீழ்ப்படி வகுப்புக்குப் போக வேண்டிய மாணவர்களை முதல் வருட வகுப்பிலேயே உட்காரவைத்து, அதே ஆசிரியரோடு கூடுதலாக ஒரு சிறு வகுப்பு. டெனிசி, டெக்சஸ் என்று பல மாநிலங்களுக்கு இந்த வழி பரவியது. ஆகஸ்டில் நான் ஒரே ஆசிரியர் இருக்கும் பிரிவைப் பாருங்கள் என்று எழுதினேன் அல்லவா, அந்த முன்மாதிரியின் உயிரே அதில்தான். செலவு, நேர அட்டவணை என்று சொல்லிக் கல்லூரிகள் அதைப் பிரிக்கும்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

டிசம்பர் 14

"பி" வந்திருக்கிறது என்று கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். வீட்டுக்காரரிடம் சொல்லியாகிவிட்டதா? அடுத்த பாடம் சி1001, விமர்சனச் சிந்தனையும் எழுத்தும். அதையும் ஹைப்ரிட்டாக எடுக்கலாமா என்று கேட்கிறார்.

எடுக்கலாம். ஆனால் என் கல்லூரியில் அதற்கு உதவி நேரம் இணைந்து வரவில்லை, உங்களுடையதிலும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். அந்த வியாழனை நீங்களே உண்டாக்கிக்கொள்ளுங்கள். ரைட்டிங் சென்டரில் (கல்லூரியில் எழுத்துக்கு உதவும் இடம்) ஒவ்வொரு வாரமும் ஒரே நேரத்தில் ஒரே டியூட்டரிடம் செமஸ்டர் முழுக்க முன்பதிவு செய்ய முடிகிறதா என்று முதல் வாரமே கேளுங்கள். இரண்டாம் வாரத்தில் நல்ல நேரமெல்லாம் போய்விடும். உங்கள் இப்போதைய ஆசிரியர் சி1001 நடத்துகிறாரா என்று வசந்த கால அட்டவணையில் பாருங்கள். நடத்தினால் அவரிடமே சேருங்கள். இடம் இல்லாவிட்டால் காத்திருப்புப் பட்டியலில் பெயரைப் போட்டுவிட்டு முதல் நாள் வகுப்புக்குப் போய் நில்லுங்கள். முதல் வாரத்தில் நிறைய இடங்கள் காலியாகும்.

பிழை நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சி1001-க்கும் அதே நோட்டுதான்.